ரூம் போடும் முன் ஆமையைக் கேளுங்கள்!

அந்தமான் போய்விட்டுத் திரும்பிய ஆபீஸ் நண்பரைப் பிடித்து, "என்ன மாப்ளே, என்னென்ன பார்த்தே?" என்று கேட்டுப் பாருங்கள்.

"செல்லுலார் ஜெயில் பார்த்தேன். பீச் பார்த்தேன். ரூம்ல ஏ.சி. பிரமாதம். பூரி, கிழங்கு... ஆகா!"

"அதில்லப்பா. காடு, பறவை, ஆமைன்னு ஏதாவது?"

"ஒரு நாய் பார்த்தேன். பீச்சுல."

இதற்காகவா ஒரு வருஷம் சீட்டுக் கட்டி, மேனேஜரிடம் கெஞ்சி ஆறு நாள் லீவு வாங்கி, கடலைத் தாண்டிப் போனார்? சென்னை மெரினாவிலேயே நாய் உண்டே!

தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. அவர் ஓட்டலைப் போட்டோ பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நீலக் கடல், தென்னை மரம், ஊஞ்சல், அதில் ஒரு பெண். அந்தப் பெண்ணும் அங்கே இல்லை என்பது போன பிறகுதான் தெரியும்.

முதுமலைக்கோ டாப்ஸ்லிப்புக்கோ போனால் எங்கே தங்கினாலும் காடு பக்கத்தில்தான். காலையில் வண்டி ஏறினால் மானாவது கண்ணில் படும். தீவு அப்படி இல்லை. பறவை ஒரு பக்கம், பவளப்பாறை ஒரு பக்கம், ஆமை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு பக்கம். நடுவில் கடல். கடலுக்கு நடுவே நேரம் பார்த்துப் போகும் படகு. ஆகவே அந்தமானில் ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது என்றால் எந்தப் பிராணியைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹாவ்லாக் 2018-ல் ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. நீல் தீவு ஷாஹீத் தீவு. போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம். ஆட்டோக்காரரும் ஓட்டல்காரரும் இன்னமும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

சூரியனுக்கு ஓவர்டைம் கிடையாது

அந்தமான் இருப்பது கல்கத்தாவுக்கும் கிழக்கே. ஆனால் கடிகாரம் நம்ம கடிகாரம்தான். விளைவு? மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். ஜனவரியில் மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடும். நம்ம ஊரில் இரண்டாவது டீ குடிக்கிற நேரத்தில் அங்கே கொசுவத்தி ஏற்றியாக வேண்டும்.

பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். ஓட்டலில் "காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட்" காலை ஏழரைக்கு. இலவசமாயிற்றே என்று அதற்காகக் காத்திருந்து, இட்லியை ஒரு கை பார்த்துவிட்டு, எட்டரைக்குக் கிளம்பினால் பறவைகள் காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருக்கும்.

எனவே ஓட்டல்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது நீச்சல் குளம் உண்டா என்பதல்ல. "காலை நாலரைக்கு ஃபிளாஸ்கில் டீயும், பொட்டலமாக டிபனும் கட்டித் தருவீங்களா?" என்பதுதான். "ஓ, தரலாமே" என்று சொல்கிற சாதாரண லாட்ஜ், "கிச்சன் ஏழு மணிக்குத்தான் ஸார் ஓபன்" என்கிற நட்சத்திர ஓட்டலைவிட உங்களுக்கு உசத்தி.

போர்ட் பிளேர்: அவசரமாகத் தாண்டாதீர்கள்

எல்லோரும் செய்வது என்ன? சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானத்தில் இறங்கி, ஜெயிலைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஹாவ்லாக்குக்கு ஓட்டம். ஆனால் பறவைக்காகப் போகிறவர் இரண்டு ராத்திரி தங்க வேண்டிய ஊர் போர்ட் பிளேர்தான்.

தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டரில் சிடியா டாப்பு. அந்தமான் நிக்கோபாரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை இனங்கள் இருபதுக்கு மேல் உண்டு. அவற்றில் பலவற்றை இங்கே பார்க்கலாம். உடம்பு முழுக்கக் கறுப்பும் தலையில் சிவப்புக் கொண்டையுமாக அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் கரிச்சான், அந்தமான் வால்காக்கை, அந்தமான் பாம்புக் கழுகு என்று பட்டியல் நீளும்.

சாயங்காலம் சூரிய அஸ்தமனம் பார்க்க வண்டி வண்டியாய் ஜனங்கள் வருவார்கள். சூரியன் மறைந்த ஐந்தாவது நிமிஷம் மொத்தக் கூட்டமும் காலி. அப்போதுதான் ஆந்தைகள் குரல் கொடுக்க ஆரம்பிக்கும். எனவே டாக்ஸி பேசும்போதே "இருட்டி ஒரு மணி நேரம் வெயிட்டிங்" என்று சேர்த்துப் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் டிரைவர் அடிக்கிற ஹாரனில் ஆந்தையும் போய்விடும், உங்கள் நிம்மதியும் போய்விடும்.

இன்னொரு இடம் சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தெற்கு அந்தமானில் நிலமே தாழ்ந்துபோய், கடல் வயலுக்குள் புகுந்தது. நெல் விளைந்த பூமி சதுப்பாகிவிட்டது. விவசாயிக்கு அது தீராத நஷ்டம். அந்தச் சதுப்பில் இப்போது நீர்ப்பறவைகள், அந்தமான் வாத்து உட்பட. ரோட்டோரமாக நின்றே பார்க்கலாம்.

வண்டூரிலிருந்து படகில் போகும் ஜாலிபாய் தீவும் இங்கிருந்துதான். 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. பிளாஸ்டிக் பை, பாட்டிலுக்கு அனுமதி இல்லை. பவளப்பாறைக்கு ஓய்வு கொடுக்க, வருஷத்தில் பாதி நாள் ஜாலிபாய், மீதி நாள் ரெட்ஸ்கின் என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். "அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று சொல்கிற ஓட்டல்காரரை நம்பாதீர்கள்.

ஆகவே போர்ட் பிளேரில் கடலைப் பார்த்த அறை தேவையில்லை. ராத்திரி வந்து படுக்கத்தான் போகிறீர்கள். விடிகாலையில் கேட்டைத் திறந்துவிட வாட்ச்மேன் இருக்கிற, டாக்ஸி சுலபமாகக் கிடைக்கிற ஊர் நடுவிலேயே எடுங்கள். அங்கே தமிழ் தாராளமாகப் புழங்கும். பேரம் தாய்மொழியிலேயே நடக்கும்!

ஹாவ்லாக்: கிழக்கா, மேற்கா?

ஹாவ்லாக்கில் பீச்சுகளுக்குப் பெயரைவிட நம்பர்தான் பிரபலம். ஓட்டல்களில் முக்கால்வாசி கிழக்குக் கரையில், மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் பக்கம். மேற்கே ஏழாம் நம்பர், அதாவது ராதாநகர். போட்டோவில் வருவது ராதாநகர். உங்கள் ஓட்டல் இருப்பது பெரும்பாலும் ஐந்தாம் நம்பர்.

கிழக்குக் கரையில் ஒரு சமாச்சாரம். கடல் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விடும். வெறும் மணலும் பாறையும் தெரியும். "கடலைக் காணோமே, காசைத் திருப்பிக் கொடு" என்று சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. நீங்கள் சண்டை போடாதீர்கள். அந்த நேரம்தான் உங்கள் நேரம். குட்டைகளில் நண்டு, நட்சத்திர மீன், கடல் வெள்ளரி என்று ஒரு பொருட்காட்சியே திறந்திருக்கும், டிக்கெட் இல்லாமல். மணல் மேலே கால் வைத்து நடங்கள். பவளத்தின் மேல் வைக்காதீர்கள். கல் மாதிரி இருந்தாலும் அதற்கு உயிர் உண்டு.

மேற்குக் கரையில் தங்குமிடங்கள் குறைவு, வாடகை கூடுதல். ஆனால் பின்னாலேயே காடு. கட்டிலிலிருந்து எழுந்து வந்தால் பறவை. படகுத்துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் இருட்டியபின் வண்டி கிடைப்பது கஷ்டம். ராத்திரி சாப்பாடு அந்த ஓட்டலிலேயே என்றாகிவிடும். வாடகையோடு இந்தச் சாப்பாட்டுச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

சுருக்கமாக, கடலுக்குள் இறங்கி மீன், பவளம் பார்க்க கிழக்கு. பறவை பார்க்க மேற்கு. பட்ஜெட் இடித்தால் கிழக்கில் தங்கி, ஒரு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விடியற்காலையில் மேற்கே போய்விடலாம். பெட்ரோலை முதல் நாளே போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை. போஸ்டரில் இருக்கிற வண்ணம் முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளப்பாறைகள் பெருமளவு வெளுத்துப்போயின. மீண்ட இடமும் உண்டு, மீளாத இடமும் உண்டு. ஓட்டலில் ஒட்டியிருக்கும் படம் எந்த வருஷத்துப் படம் என்று கேட்டால் ஆசாமி கொஞ்சம் நெளிவார்.

நீல்: சின்னத் தீவு, பெரிய நிம்மதி

சைக்கிளில் சுற்றிவிடலாம். லட்சுமண்பூர் பக்கம் இயற்கையாக அமைந்த பாறைப் பாலம் ஒன்று. கடல் வற்றினால்தான் அங்கே நடக்க முடியும். வற்றும் நேரம் தினமும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். எனவே ஓட்டலில் ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள்: "நாளைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வத்தும்?" டக்கென்று பதில் வந்தால் நல்ல ஓட்டல். "பூல்ல தண்ணி எப்பவும் இருக்கும் ஸார்" என்று பதில் வந்தால் பெட்டியை எடுங்கள்.

அந்தமானின் மாநில விலங்கு கடல்பசு. நம்ம ராமநாதபுரம் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதுதான். நீல், ஹாவ்லாக் கடலில் எப்போதாவது தலைகாட்டும். "காரன்டி ஸார், காட்டிடறேன்" என்று யாராவது சொன்னால், அவர் கடல்பசுவைவிட அபூர்வமான பிராணி. தூர நில்லுங்கள்.

கிளி சாயங்காலம்தான் வரும்

பாராடாங் தீவுக்கு எல்லா டிராவல்ஸிலும் ஒரு நாள் டூர் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, வண்டியில் ஏற்றி, சுண்ணாம்புக் குகை காட்டி, திரும்பக் கொண்டுவந்து போடுவார்கள். அங்கேயே இருக்கிறது கிளித் தீவு. அந்தி சாயும்போது கிளிக் கூட்டங்கள் வந்து அடைகிற சதுப்புக் காட்டுத் தீவு. இதைப் பெரும்பாலானவர்கள் பார்க்காததற்குக் காரணம் ரொம்ப சிம்பிள். கிளி வருவது சாயங்காலம். ஊர் திரும்பும் கடைசி வாகன வரிசை கிளம்புவது பிற்பகல். பாராடாங்கில் ஒரு ராத்திரி தங்கினால் கிளி. தங்காவிட்டால் குகை மட்டும். அங்கே இருப்பவை சாதாரண லாட்ஜுகள்தான். ஒரு ராத்திரிக்கு ஃபேன் போதாதா?

அந்த ரோடு ஜாரவா பழங்குடியினரின் காடு வழியே போகிறது. வண்டிகள் வரிசையாக, காவலோடுதான் போகும். நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. அந்தக் காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே 2002-ல் உத்தரவிட்ட ரோடு அது. இன்னும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. "வழியில ஆதிவாசி காட்டறோம்" என்று எந்த ஓட்டல் டிராவல் டெஸ்க்காவது ஆசை காட்டினால் அங்கே ரூமே வேண்டாம். அவர்களும் நம்மைப்போல் மனிதர்கள். உங்கள் ஆபீசுக்கு பஸ் பிடித்து வந்து நீங்கள் டிபன் சாப்பிடுவதை யாராவது படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

ஆமைக்கு விளக்கு ஆகாது

இனி தலைப்புக்கு வருவோம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை கடலாமைகள் முட்டையிட வரும். வடக்கே டிக்லிப்பூர் பக்கம் காளிப்பூர் கடற்கரை, மாயாபந்தர் பக்கம் கர்மாடாங், ரங்கத் பக்கம் தானிநாலா ஆகியவை பெயர்பெற்றவை. பங்குனி ஆமை என்கிற ஆலிவ் ரிட்லிதான் அதிகம். பேராமை, அழுங்காமை, அரிதாக ஏழுவரி ஆமையும் வரும். வனத்துறை முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காக்கிறது. குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால் உங்களுக்கு யோகம்.

போர்ட் பிளேரிலிருந்து டிக்லிப்பூர் ரோடு வழியாகப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். வாரத்தில் சில நாள் கப்பலும் உண்டு. போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடுமே என்று யோசிப்பீர்கள். நியாயம்தான். ஆறு நாள் லீவில் ஹாவ்லாக்கும் ஆமையும் இரண்டும் கிடைக்காது. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். ஆமை என்று முடிவு செய்தால் காளிப்பூரிலேயே மூன்று ராத்திரி. பகலில் 732 மீட்டர் உயர சேடில் பீக் காடு, மணல் திட்டால் இணைந்த ராஸ், ஸ்மித் இரட்டைத் தீவுகள் என்று பொழுது போகும். ராத்திரி வனத்துறை ஆளோடு கடற்கரை.

இங்கேதான் ஓட்டல் தேர்வு வெறும் வசதி விஷயமாக இல்லாமல் போகிறது. மணலைக் கிளறிக்கொண்டு வரும் ஆமைக் குஞ்சுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. இருட்டில் எந்தத் திசை வெளிச்சமோ அதுதான் கடல். கோடிக்கணக்கான வருஷமாக அந்தக் கணக்கு சரியாக இருந்தது. இப்போது கரையில் ஓட்டல் வாசலில் சோடியம் விளக்கு, மரத்துக்கு மரம் சீரியல் லைட். குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு ஓட்டலைப் பார்த்து நடக்கும். விடிவதற்குள் நாய்க்கோ நண்டுக்கோ இரை. தப்பினால் வெயிலில் காயும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிசாகும் என்பார்கள். அந்த ஒன்றையும் நம்ம டின்னர் டேபிள் விளக்கு முடித்துவிடலாம்.

இது அந்தமான் கதை மட்டும் இல்லை. சென்னையில் பெசன்ட் நகர் தொடங்கி நீலாங்கரை வரை மாணவர்கள் 1988 முதல் ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருகிறார்களே, அங்கேயும் தெரு விளக்குதான் பெரிய வில்லன்.

ஆகவே கடற்கரை ஓட்டலில் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி: "ராத்திரி பீச் பக்கம் விளக்கை அணைப்பீங்களா?" அணைப்போம் என்றால் அந்த ஓட்டலுக்குக் காசு கொடுங்கள். பத்துப் பேர் இதே கேள்வியைக் கேட்டால் பதினோராவது ஆள் கேட்பதற்குள் முதலாளியே சுவிட்சைத் தேடுவார். போனஸாக, அமாவாசையை ஒட்டிய இருட்டில் ஹாவ்லாக் கடலில் அலை நீல ஒளியாய் மினுக்குவதும் விளக்கில்லாத கரையில்தான் தெரியும்.

போனில் கேளுங்கள்

"அண்ணே, ரூம் இருக்கா?"

"இருக்கு தம்பி. ஸீ வியூ, ஸ்விம்மிங் பூல், டி.ஜே. நைட்டு..."

"டி.ஜே. வேணாம்ணே. காலைல நாலரைக்கு வண்டி கிடைக்குமா?"

"நாலரைக்கா! எதுக்குத் தம்பி?"

"மரங்கொத்தி பார்க்க."

(சிறிது மௌனம்.) "ரூம் வாடகை முழுசா முன்னாடியே கட்டணும் தம்பி."

அங்கேதான் உஷாராக வேண்டும். மழைக்காலத்தில், காற்று பலமாக இருக்கும் நாளில், படகு ரத்தாகும். "படகு வராட்டி பணம் திரும்புமா, தேதி மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடைசி ராத்திரியை எப்போதும் போர்ட் பிளேரிலேயே வையுங்கள். ஹாவ்லாக்கில் மாட்டிக்கொண்டு விமானத்தை அண்ணாந்து பார்ப்பது இயற்கைக் காட்சியில் சேராது.

ஓட்டல் பெயரைப் பார்த்தும் மயங்காதீர்கள். சுற்றுலாத் துறையே தன் விடுதிகளுக்கு ஆமை, டால்பின் என்றெல்லாம் ஆசையாகப் பெயர் வைத்தது. போர்ட் பிளேரில் ஒன்றுக்கு 'மெகாபோட் நெஸ்ட்'. மெகாபோட் என்ற பறவை வாழ்வதோ நிக்கோபாரில். அங்கே போவதோ அவ்வளவு சுலபமில்லை!

இன்னும் இரண்டு. கழிமுகம், சதுப்புக் காடு ஒட்டிய இடங்களில், அதுவும் இருட்டும் நேரத்தில், தண்ணீரில் இறங்காதீர்கள். உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-ல் ஹாவ்லாக் கடலில் ஓர் அமெரிக்கப் பெண் முதலைக்குப் பலியானார். ஓட்டல்காரர் "இங்க இறங்காதீங்க" என்றால் அவர் உங்கள் நண்பர். இரண்டாவது, "தங்கச்சி கேட்டா" என்று பவளத் துண்டைப் பையில் போடாதீர்கள். சட்டத்தில் புலி இருக்கும் அதே அட்டவணையில்தான் பவளமும் இருக்கிறது. ஏர்போர்ட் ஸ்கேனருக்குத் தங்கச்சி சென்டிமென்ட் தெரியாது.

சரி, லீவு லெட்டரில் என்ன காரணம் எழுதுவது என்கிறீர்களா? "மரங்கொத்தி பார்க்க" என்று மட்டும் எழுதாதீர்கள். மேனேஜர், "அதான் இங்கேயே டேபிளைக் கொத்திக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே" என்று உங்கள் பக்கம் கையைக் காட்டிவிடுவார்!